விரலை ஆட்டச் சொல்லுங்க

பக்கத்துத் தெருத் தம்பி காலையிலேயே வந்துவிட்டான். தினமும் திருநின்றவூர் ஸ்டேஷனில் லோக்கல் பிடித்து ஓடுகிறவன், அன்றைக்கு லீவு போட்டிருந்தான். அவனுடைய அப்பா சி.டி.எச். ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்தவர். தலையிலும் லேசான அடி. இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டோடு அனுப்பியிருந்தார்கள்.

டீயை இரண்டு வாய் குடித்துவிட்டுக் கேட்டான். "சிஸ்டரம்மா, கட்டைப் பிரிச்சிட்டு, நாட்டுக் கட்டு போட புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா? அங்க நர்ஸுங்க மணிக்கொரு தரம் எழுப்பி, விரலை ஆட்டு, உன் பேர் என்னன்னு கேட்டாங்களே தவிர, வைத்தியம்னு ஒண்ணும் பண்ணலை."

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக நான் பார்த்த வேலையில் பாதி அந்த விரல்தான்.

"செருப்பைக் கழட்டு" என்றேன். அவன் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பிடித்தேன். வெளுத்தது. விட்டதும் சிவப்பு ஓடி வந்தது. "இரண்டு விநாடிக்குள்ள இந்த நிறம் திரும்பணும். நம்ம தோல் நிறத்துல வெளுப்பு சரியாத் தெரியாது, அதனாலதான் நகத்துல பார்க்கிறோம்." பிறகு என் புறங்கையை அவனுடைய இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றி வைத்தேன். ஒரு காலை மட்டும் தொட்டுப் பார்த்துச் சூட்டைச் சொல்ல முடியாது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டேன். அந்தச் சின்ன இடத்தின் உணர்ச்சிக்கும் விரலை மேலே தூக்குவதற்கும் ஒரே நரம்புதான் பொறுப்பு. விரலை ஆட்டச் சொல்வது அந்த நரம்பை விசாரிப்பது.

கெண்டைக்கால் தசைகள் இழுபடாத உறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. எலும்பு முறிந்தால் உள்ளே ரத்தம் கசியும், வீங்கும். வீங்க இடமில்லை. அழுத்தம் ஏறி, சின்ன ரத்தக்குழாய்கள் நசுங்கும். ஆறு மணி நேரம் அப்படியே போனால் தசை மீளாமல் சாக ஆரம்பித்துவிடும். பாதத்தில் நாடி துடிக்கிறதே என்று நம்பி உட்காரக் கூடாது. நாடி கடைசியில்தான் போகும். முதலில் வருவது வலி. ஊசி போட்டும் அடங்காத வலி, நாம் விரலை மெல்ல நீட்டினாலே அலற வைக்கிற வலி. இறுக்கமான கட்டுக்குப் பிறகு கை மடங்கி முடங்கிப்போவதை ஜெர்மன் சர்ஜன் ஃபோல்க்மன் 1881-லேயே எழுதிவைத்துவிட்டார். கட்டைச் சரியான நேரத்தில் தளர்த்தினால் அல்லது உறையைக் கீறிவிட்டால் கால் பிழைக்கும். அந்தச் சரியான நேரத்தைச் சொல்வது விரலை ஆட்டச் சொன்ன நர்ஸ்தான்.

புத்தூர் நமக்குத் தூரமில்லை. திருத்தணி தாண்டி, நகரி தாண்டி, ஆந்திரா பக்கம். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். நம் பக்கத்துச் சனங்களுக்குத் தலைமுறை தலைமுறையான நம்பிக்கை. அதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால் எக்ஸ்ரே பார்த்து நேராக்கி வைத்த எலும்பை, வீக்கம் வடியாத மூன்றாம் நாளில் பிரித்து வேறு கட்டுக்குள் இறுக்குவது வேண்டவே வேண்டாம் என்றேன். எந்தக் கட்டானாலும், கட்டி அனுப்பிய பிறகு விரலைப் பார்க்க ஆள் வேண்டும்.

"சரி, பேர் எதுக்குக் கேட்டாங்க?"

தலையில் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, டீ குடித்து, ஒன்றுமில்லை என்று பேசிவிட்டுத் தூங்கப் போவார். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கும். குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்று வீட்டில் நினைப்பார்கள். அதனால்தான் எழுப்புகிறோம். 1974-ல் கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு டாக்டர்கள் நினைவு எவ்வளவு என்று பார்க்க ஒரு கணக்கு வகுத்தார்கள். இப்போதைய கணக்கில் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, மொத்தம் 15. எட்டோ அதற்குக் கீழோ என்றால் ஆபத்து. ஆனால் ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. பத்து மணிக்கு 15, பதினோரு மணிக்கு 13 என்றால் டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அந்த 48 மணி நேரமும் இப்படித்தான் மணி மணியாக நகரும்.

கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும், அதுவும் உண்டு. ஒரு பெரியவரிடம் இது எந்த மாதம் என்றதற்கு "ஆவணி" என்றார். பயிற்சிக்கு வந்த பெண் 'குழப்பம்' என்று எழுதப் போனாள். சுவரில் தினசரிக் காலண்டரைக் காட்டினேன். ஆவணிதான். பேச்சுக்கு முழு ஐந்தும் போடச் சொன்னேன்.

தம்பியோடு அவன் வீட்டுக்கு நடந்தேன். அப்பா கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததுமே, "விரலை ஆட்டணுமா?" என்று ஆட்டிக் காட்டினார். நேற்றைய காலண்டர் தாளைத் திருப்பி, தம்பியை எழுதச் சொன்னேன்: 8.40, ஐந்து விரலும் ஆடுது, சூடு ரெண்டு காலிலும் ஒண்ணு, வலி நேத்தைவிடக் குறைவு. அதற்குக் கீழே அடுத்த நேரத்தை அவனே எழுதினான், 10.40.