காரில் ஒரு துளையும் போடாமல் அமெச்சூர் வானொலி

அமெச்சூர் வானொலி என்பது பரீட்சை எழுதி, அனுமதிப்பத்திரமும் தனக்கென ஓர் அழைப்புக்குறியும் பெற்ற ஒருவர் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் நிலையம். டென்மார்க்கில் இந்தக் குறிகளில் பல ‘ஓஇசட்’ என்று தொடங்கும். எங்கள் ஆட்களுக்கு ‘ஒலிபரப்பும் கருவி’ என்றதுமே உள்ளூர ஒரு பயம் வரும். 90களில் பற்றரி யாழ்ப்பாணத்துக்கு வரத் தடை இருந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட சனம் அல்லவா? இங்கே அது சட்டம் அனுமதித்த, பலர் வெளிப்படையாகச் செய்யும் பொழுதுபோக்கு.

அதன் பயனும் எங்களுக்குத் தெரியாததல்ல. 2004 டிசம்பர் சுனாமியில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, இந்தியாவிலிருந்து ஒரு குழுவோடு அந்தமானுக்குச் சென்றிருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேயரிலிருந்து வானொலியில் தகவல்களை அனுப்பினார். இலங்கையிலும் அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டைக்குப் போய்க் கொழும்போடு தொடர்பை ஏற்படுத்தினார்கள். காரில் ஒரு நிலையம் இருந்தால், மின்சாரம் போனாலும் கார்ப் பற்றரியில் அது வேலை செய்யும்.

ஆனால் காரைத் துளைக்க யாருக்கு மனம் வரும்? டென்மார்க்கில் கார்ப் பதிவு வரியின் உச்சப் படி 150 வீதம். பலருடைய கார் லீசிங்கில் எடுத்தது. திருப்பிக் கொடுக்கும்போது கூரையில் ஒரு துளை இருந்தால் பில் வீட்டுக்கு வரும். சொந்தக் கார் என்றாலும் விற்கும்போது விலை குறையும். ஆகவே வைத்த சுவடே இல்லாமல் கழற்றக்கூடியதாகப் பொருத்துவதே புத்தி. அதற்கு மூன்று விடயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது மின்சாரம். 50 வாற் கருவி பேசும்போது 10 அம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைற்றர் துளையின் வயர் அதற்கென்று போடப்பட்டதல்ல. சூடேறும், பியூஸ் போகும். 5 வாற் கைக்கருவிக்கு மட்டும் அது போதும். பெரிய கருவிக்குப் பற்றரியிலிருந்தே தடித்த வயர் எடுக்க வேண்டும். பிளஸ் வயரின் பியூஸ் பற்றரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். பியூசுக்கு முன்னால் வயர் உரசிக் காரின் இரும்பில் பட்டால், தீப்பிடிப்பதைத் தடுக்க ஒன்றும் இல்லை. புதிய கார்களில் மைனஸ் முனையில் ஓர் உணரி இருக்கும்; அப்படியானால் மைனஸ் வயரைப் பற்றரியில் பூட்டாமல், காரின் உடலில் உள்ள எர்த் போல்ற்றில் பூட்டுங்கள். இயந்திர அறைக்கும் உள்ளறைக்கும் இடையில் ஏற்கெனவே வயர்கள் போகும் றப்பர் அடைப்பு உண்டு. புது வயரும் அதனூடாகவே போகட்டும். மின்சாரக் காரிலும் தனியாக 12 வோல்ற் பற்றரி இருக்கிறது. செம்மஞ்சள் நிற வயர்களை மட்டும் தொடவே கூடாது. அவை உயர் மின்னழுத்தம்.

இரண்டாவது கருவி வைக்கும் இடம். முகப்பு தனியே கழரும் கருவியை வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும். உடற்பகுதி சீற்றுக்குக் கீழோ பின் பெட்டியிலோ வெல்க்ரோ பட்டியில் இருக்கும். கனமான கருவியைப் பட்டியாலும் இறுக்கிக் கட்டுங்கள், விபத்தில் பறக்கக் கூடாது. காற்றோட்டத்தை மறைக்கவும் கூடாது. சிறிய முகப்பைக் காற்றுவழித் தட்டில் கவ்வும் பிடியிலோ கப் வைக்கும் குழியிலோ நிறுத்தலாம். சீற் போல்ற்றைக் கழற்றாதீர்கள். காற்றுப்பை விரியும் பாதையில் எதுவும் இருக்கக் கூடாது.

மூன்றாவது அன்ரனா. காந்த அடியுள்ள அன்ரனா இரும்புக் கூரையில் தானாக ஒட்டும். அலுமினியத்திலோ கண்ணாடிக் கூரையிலோ ஒட்டாது. அப்போது பின்கதவு விளிம்பைக் கவ்வும் பிடி உதவும். இரண்டு மீற்றர் அலைவரிசைக்குக் கால் அலை அன்ரனா ஏறத்தாழ அரை மீற்றர் நீளம். கூரையின் நடுவில் வைத்தால் எல்லாத் திசைக்கும் நன்றாகப் போகும். காந்தத்துக்குக் கீழ் மணல் இருந்தால் பெயின்ற் கீறும். வைக்கமுன் இரண்டையும் துடையுங்கள். கேபிளைக் கதவு றப்பருக்குள்ளால் நசுங்காமல் எடுத்து, உள்ளே வரமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

முடிந்ததும் எஸ்டபிள்யூஆர் மீற்றரால் அளவுங்கள், 1.5க்குக் கீழே இருந்தால் நல்லது. காரை நிறுத்திவைத்தபடி பேசிப் பார்த்து, விளக்கு, கதவுப் பூட்டு, எச்சரிக்கைக் குறிகள் குழம்புகின்றனவா என்று கவனியுங்கள். இறங்கும்போது கருவியை அணையுங்கள். இல்லாவிட்டால் காலையில் கார் ஸ்ராற் ஆகாது. நீண்ட கதைகளைக் காரை நிறுத்திவிட்டுக் கதையுங்கள்.

தொடங்க விரும்புவோருக்கு வழிகாட்ட 1927இல் தொடங்கிய ஈ.டி.ஆர். என்ற டெனிஷ் அமெச்சூர் வானொலிச் சங்கம் இருக்கிறது. நாடெங்கும் அதன் கிளைகள் உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பரீட்சைக்கு டெனிஷ் மொழியில் படிக்க அவர்கள் உங்களுக்கு உதவுவார்கள். பற்றரியின் அருமையை நீங்கள் அவர்களுக்குச் சொல்லலாம்.