விண்ணப்பத்தை முதலில் வாசிப்பது இயந்திரம்

1995 ஒக்டோபரில் வலிகாமத்தைவிட்டுப் புறப்பட்டவர்கள், 2009இல் வன்னியைவிட்டு வந்தவர்கள் என வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தங்கிவிட்ட விவசாயக் குடும்பங்கள் பல. காணி தந்த சோற்றை இங்கு மாதச் சம்பளமே தரவேண்டியிருக்கிறது. பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள், பதில் வருவதில்லை. "அங்கே எங்களுக்குத் தெரிந்த ஆட்கள் இல்லை" என்று பெற்றோர் மனம் நோகின்றனர். சில வேளைகளில் காரணம் அதுவன்று. அந்த விண்ணப்பத்தை மனிதர் எவரும் வாசித்திருக்கவே மாட்டார்.

பெரிய நிறுவனங்கள் சில, இணையவழி வரும் சுயவிபரக் கோவைகளை முதலில் ஒரு மென்பொருளிடம் விடுகின்றன. அது பெயர், கல்வி, தொழில், ஆண்டு எனப் பிரித்தெடுத்து, விளம்பரத்தில் கேட்ட சொற்களோடு ஒப்பிடுகிறது. பொருந்துபவை மேலே வரும். மற்றவை அடியில் கிடக்கும். சுளகில் புடைக்கும்போது பதரோடு நல்ல நெல்லும் சிந்துவதுண்டல்லவா? இங்கும் அப்படித்தான்.

2021இல் ஹாவர்ட் வர்த்தகக் கல்லூரியும் அக்சென்ச்சர் நிறுவனமும் அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனி ஆகிய நாடுகளில் நடத்திய ஆய்வு இதனை உறுதிசெய்தது. சொன்ன நிபந்தனைக்கு அச்சொட்டாகப் பொருந்தாததால் தகுதியானவர்களும் விலக்கப்படுவதாக நூற்றுக்கு 88 நிறுவனத்தார் ஒப்புக்கொண்டனர். ஆறு மாதத்துக்கு மேல் வேலையில்லாத இடைவெளி இருந்தால் ஏறத்தாழ அரைவாசி நிறுவனங்கள் விண்ணப்பத்தையே ஒதுக்கிவிடுகின்றன. பதுங்குகுழியிலும் முகாமிலும் ஆண்டுகளைத் தொலைத்த எம்மவர் இதனைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

ஆகவே முதலாவது, ஆண்டுகளை வெறுமையாக விடாதீர்கள். சம்பளமில்லாத வேலையும் வேலையே. தந்தையின் தோட்டத்தில் நீர்ப்பம்பு திருத்தியது, மேசனுக்கு உதவியாக நின்றது, முகாமில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது ஆகியவற்றை மாதமும் ஆண்டும் குறித்து எழுதுங்கள். செய்யாததை மட்டும் எழுதவேண்டாம். நேர்முகத்தில் அது வெளிப்பட்டுவிடும்.

இரண்டாவது, விளம்பரத்தின் சொல்லையே கையாளுங்கள். 'ஸ்டோர் கீப்பர்' தேவை என்றிருக்க, 'கடையில் சாமான் பார்த்தேன்' என்று எழுதினால் இயந்திரத்துக்கு விளங்காது. அதே வேலையைத்தான் செய்தீர்கள் என்றால் அதே சொல்லை எழுதுங்கள்.

மூன்றாவது, அழகுக்கு ஆசைப்படாதீர்கள். காலி வீதிக் கணினிக் கடையில் பெட்டி, படம், இரட்டை நிரல் வைத்துத் தருவார்கள். அவற்றுள் உள்ளதைச் சில மென்பொருள்கள் தாறுமாறாக வாசிக்கும். ஒரே நிரலில், தெளிவான தலைப்புகளுடன் அடித்துத் தரச் சொல்லுங்கள். அச்சடித்த தாளைப் படமெடுத்து அனுப்பாதீர்கள். தமிழில் அடிப்பதாயின் யூனிகோடில் கேளுங்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால், இயந்திரத்துக்கு அது எம், கே, எச் என்ற ஆங்கில எழுத்துக்களே.

நான்காவது, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் ஆங்கில எழுத்து அமைந்திருப்பது எம்மிடையே சாதாரணம். அடையாள அட்டையில் உள்ளபடியே எங்கும் எழுதுங்கள்.

ஐந்தாவது, கைத்தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதோர் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற முயலுங்கள். ஏழு மட்டங்கள் கொண்ட இத்திட்டத்தில், வகுப்புக்குப் போகாதவரின் அனுபவத்தையும் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்கும் வழி உண்டு. 'நைட்டா' எனப்படும் பயிலுநர் பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்தில் விசாரியுங்கள். அப்போது இயந்திரம் தேடும் சொல் உங்கள் தாளிலும் இருக்கும்.

எல்லாக் கதவிலும் இயந்திரம் நிற்பதில்லை. சிறிய கடைகளும் வேலைத்தலங்களும் ஆளை நேரில் பார்த்தே எடுக்கின்றன. அங்கே தாளைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. எந்த ஆண்டு எங்கே இருந்தோம், பிள்ளை அப்போது என்ன செய்தான் என்பது உங்களுக்கே நினைவிருக்கும். இன்றிரவு பிள்ளையோடு அமர்ந்து, ஒரு கொப்பியில் ஆண்டு ஆண்டாக எழுதிவையுங்கள். கடைக்குப் போகுமுன் செய்யவேண்டிய வேலை அதுவே.