ஈழப் போராளிகளுக்கு இந்தியா அளித்த ஆயுதப் பயிற்சி

ஈழப் போராளிகளுக்கு இந்தியா அளித்த ஆயுதப் பயிற்சி என்பது, 1983ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் இலங்கைத் தமிழ் இயக்கங்களுக்கு இந்தியாவின் வெளிநாட்டு உளவு நிறுவனமான 'ரா' மறைவாக வழங்கிய போர்ப் பயிற்சியையும் ஆயுத உதவியையும் குறிக்கும். பயிற்சி வட இந்தியாவிலும் தமிழ்நாட்டு மாவட்டங்களிலும் நடந்தது. இயக்கங்களின் அரசியல் தலைமையிடமாகச் சென்னை விளங்கியது.

பின்னணி

1983க்கு முன்பே இயக்கத் தலைவர்கள் சிலர் சென்னையில் தங்கியிருந்தனர். 1982 மே 19 அன்று தியாகராய நகர் பாண்டி பஜாரில் வே. பிரபாகரனும் உமா மகேசுவரனும் எதிர்ப்பட்டபோது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. காவல்துறை இருவரையும் கைது செய்தது. அவர்களைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு இலங்கை அரசு கேட்டது. இந்தியா ஒப்படைக்கவில்லை; இருவரும் பிணையில் வெளிவந்தனர்.

1983 சூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது நடந்த பெரும் வன்முறைக்குப் பின் ஏராளமான அகதிகள் தமிழகம் வந்தனர். தமிழ்நாட்டில் எழுந்த கொந்தளிப்பு ஒருபுறம். மேற்குலகின் பக்கம் சாய்ந்த செயவர்த்தனா அரசைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற இந்திரா காந்தி அரசின் கணக்கு மறுபுறம். இவ்விரண்டும் சேர்ந்தே பயிற்சித் திட்டத்துக்கு வழிவகுத்தன.

பயிற்சி

டெலோ, ஈரோசு, ஈபிஆர்எல்எஃப், விடுதலைப் புலிகள் முதலிய இயக்கங்களின் இளைஞர்கள், அன்று உத்தரப் பிரதேசத்தில் இருந்த டேராடூன் பகுதிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ஆயுதங்களைக் கையாளுதல், வெடிபொருள், வரைபடம் படித்தல், தகவல் தொடர்பு ஆகியவை கற்பிக்கப்பட்டன. அங்கே பயிற்சி முடித்தவர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் புதியவர்களுக்குப் பயிற்றுநர் ஆயினர். சேலம் மாவட்டம் கொளத்தூரில் புலிகளும், தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டுப் பகுதியில் புளொட் இயக்கமும் முகாம் அமைத்தன.

இத்திட்டத்தை இந்திய அரசு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவில்லை. 1984 மார்ச்சில் 'இந்தியா டுடே' இதழ் முகாம்களைப் பற்றி விரிவாக எழுதியபோதும் அரசு மறுத்தது. இலங்கை அரசும் வெளியாரின் உதவியை நாடியது. பிரித்தானியத் தனியார் நிறுவனமான கேஎம்எஸ், காவல்துறையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி அளித்தது. இசுரேலின் உதவியும் பெறப்பட்டது.

மறைமுகப் பயிற்சி இப்போருக்கு மட்டும் உரியதன்று. கம்போடிய உள்நாட்டுப் போரின்போது, அந்நாட்டுக்குள் அமெரிக்க ஆலோசகர்கள் செயல்படுவதை அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தால் தடுத்தது. எனவே கம்போடியப் படையினர் தென் வியட்நாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே பயிற்றுவிக்கப்பட்டனர்.

சென்னையில் இயக்கங்கள்

அடையாறு, பெசன்ட் நகர் பகுதிகளில் புலிகளின் அலுவலகங்களும் தலைவர்களின் வீடுகளும் இருந்தன. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். புலிகளுக்கு 2 கோடி ரூபாய் அளித்ததாக அன்ரன் பாலசிங்கம் தம் நூலில் பதிவு செய்துள்ளார். மு. கருணாநிதி டெலோவுடன் நெருக்கம் காட்டினார். இந்திய அரசும் மாநிலக் கட்சிகளும் தனித்தனியே இயக்கங்களை ஆதரித்தது, இயக்கங்களுக்கிடையே இருந்த போட்டியை வளர்த்தது.

1984இல் உருவான ஈழத் தேசிய விடுதலை முன்னணியில் 1985இல் புலிகளும் சேர்ந்தனர். ஆனால் ஒற்றுமை நீடிக்கவில்லை. 1986 ஏப்ரல், மே மாதங்களில் புலிகள் டெலோவைத் தாக்கி அழித்தனர். அதன் தலைவர் சிறீ சபாரத்தினம் கொல்லப்பட்டார். ஒரே நாட்டிடம் பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஒருவரையொருவர் சுட்டுக் கொன்றனர்.

திருப்பம்

1986 நவம்பர் 1 அன்று, தீபாவளி நாளில், சூளைமேட்டில் ஈபிஆர்எல்எஃப் உறுப்பினர்கள் சுட்டதில் உள்ளூர்வாசி ஒருவர் இறந்தார். ஒரு வாரத்தில், பெங்களூரு சார்க் மாநாட்டுக்கு முன்னதாக, தமிழகக் காவல்துறை மாநிலம் முழுவதும் தேடுதல் நடத்தி ஆயுதங்களைப் பறிமுதல் செய்தது. தொலைத்தொடர்புக் கருவிகளைத் திருப்பித் தரக் கோரிப் பிரபாகரன் சென்னையில் உண்ணாநோன்பு இருந்தார். 1987 சனவரியில் அவர் யாழ்ப்பாணம் திரும்பினார்.

விளைவுகள்

1987 சூலை 29 அன்று இந்திய-இலங்கை உடன்பாடு கையெழுத்தானது. இந்திய அமைதி காக்கும் படை இலங்கை சென்றது. அக்டோபரில் அப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. 1990 மார்ச்சில் படை திரும்புமுன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். ஈழத் தமிழ்ப் பொதுமக்களும் பெருந்தொகையில் மாண்டனர்.

1990 சூன் 19 அன்று ஈபிஆர்எல்எஃப் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சென்னை கோடம்பாக்கத்தில் புலிகளால் கொல்லப்பட்டனர். 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராசீவ் காந்தி கொல்லப்பட்டார். 1992 மே மாதத்தில் இந்தியா புலிகள் இயக்கத்தைத் தடை செய்தது.

அக்கொலையின் பின்னணியை ஆராய்ந்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை 1997இல் வெளிவந்தது. அரசு நீண்ட காலம் மறுத்துவந்த பயிற்சி முகாம்களின் செய்தி, அரசே அமைத்த ஆணையத்தின் அறிக்கையில் அப்போது இடம்பெற்றது. தி.மு.க.வைப் பற்றி அதில் கூறப்பட்டவை அரசியல் நெருக்கடியாகி, காங்கிரசு ஆதரவை விலக்கிக்கொண்டதால் ஐ.கே. குச்ரால் அரசு கவிழ்ந்தது.