கொதிகலன் ஊட்டுநீர் எக்கி

அனல் மின் நிலையத்தின் கொதிகலனுக்குள், அங்குள்ள நீராவியின் அழுத்தத்தை எதிர்த்து நீரைச் செலுத்தும் உயரழுத்த எக்கி, கொதிகலன் ஊட்டுநீர் எக்கி எனப்படும். மின் நிலையப் பணியாளர்கள் இதை பீட் பம்ப் என்றோ, சுருக்கமாக பி.எப்.பி. என்றோ குறிப்பிடுவர். நிலையத்தின் துணைக் கருவிகளில் மிகுதியான ஆற்றலை உட்கொள்வது பெரும்பாலும் இதுவே.

தேவை

வீட்டில் பயன்படும் பிரஷர் குக்கர், காற்றழுத்தத்தைவிட ஏறத்தாழ ஒரு மடங்கு கூடுதலான அழுத்தத்தில் வேலை செய்கிறது. அது விசில் அடிக்கும் நிலையில் இருக்கும்போது உள்ளே மேலும் ஒரு குவளை நீரை ஊற்ற முடியாது. ஊற்ற வேண்டுமானால், உள்ளே இருக்கும் அழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தோடு நீரைத் தள்ள வேண்டும். 210 மெகாவாட் அலகு ஒன்றின் கொதிகலனில் அழுத்தம் இதைப்போல் ஏறத்தாழ நூற்றைம்பது மடங்கு. அதை மீறி இரவும் பகலும் இடைவிடாமல் நீர் சென்றுகொண்டே இருக்க வேண்டும்.

சுழலியைச் சுழற்றி முடித்த நீராவியை அப்படியே கொதிகலனுக்குத் திருப்பி அனுப்பாமல், குளிரவைத்து நீராக்குவது ஏன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விடை கன அளவில் இருக்கிறது. 7 பார் அழுத்தத்தில், கொதிநிலையில் உள்ள ஒரு கிலோ நீர் ஒரு லிட்டருக்குச் சற்றே அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதே அழுத்தத்தில் ஒரு கிலோ நீராவிக்கு ஏறத்தாழ 270 லிட்டர் இடம் வேண்டும். அழுத்தத்தை உயர்த்தச் செய்யும் வேலை கன அளவைப் பொறுத்தது. நீராவியை அமுக்க முற்பட்டால், சுழலி தரும் ஆற்றலின் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

நீரைத் தள்ளுவதும் மலிவானது அல்ல. 210 மெகாவாட் அலகுக்கு முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 670 டன் நீர் தேவை. நொடிக்கு 186 கிலோ, அதாவது நொடிக்குப் பன்னிரண்டு குடம் என்று கொள்ளலாம். வெந்நீரின் அடர்த்தி குறைவு என்பதால் இது நொடிக்கு 0.2 கனமீட்டர் ஆகும். எக்கி உயர்த்தும் அழுத்தத்தை 180 பார் என்று கொண்டால், இரண்டையும் பெருக்க 3.6 மெகாவாட் வரும். எக்கி, இணைப்பு, மோட்டார் ஆகியவற்றின் இழப்புகளையும் சேர்த்தால் 5 மெகாவாட்டைத் தாண்டும். உற்பத்தியாகும் மின்சாரத்தில் இது 2 முதல் 3 விழுக்காடு. மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் இந்த அளவுள்ள அலகுகள் உள்ளன. இத்தகைய அலகுகளில் பொதுவாக மூன்று எக்கிகள் இருக்கும். இரண்டு ஓடும், ஒன்று காத்திருக்கும்.

அமைப்பு

இது பல படிநிலைகள் கொண்ட மையவிலக்கு எக்கி. ஒரே தண்டில் பல சுழல்சக்கரங்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். முதல் சக்கரம் உயர்த்திய அழுத்தத்தோடு நீர் இரண்டாவதற்குள் நுழைகிறது. ஒவ்வொரு படியிலும் அழுத்தம் கூடுகிறது. இதனால் தண்டின் ஒரு முனையில் குறைந்த அழுத்தமும் மறுமுனையில் மிகுந்த அழுத்தமும் ஏற்பட்டு, தண்டு முழுவதும் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். அந்த உந்துவிசையை ஈடுசெய்யத் தண்டில் சமநிலை உருளை ஒன்று அமைக்கப்படுகிறது. சுழலும் பகுதிக்கும் நிலையான பகுதிக்கும் இடையே உள்ள இடைவெளி சில இடங்களில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே குளிர்ந்து கிடக்கும் எக்கியைத் திடீரென ஓட்டக் கூடாது. மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் சமமாகச் சூடாகாவிட்டால் உடல் சற்றே வளைந்து, தண்டு உரசி இறுகிவிடும். காத்திருக்கும் எக்கிக்குள்ளும் சிறிதளவு வெந்நீரை ஓடவிடுவது இதற்காகத்தான்.

உறிஞ்சு பக்கத்தின் சிக்கல்

எக்கிக்கு நீர் வருவது காற்றகற்றி எனும் கலத்திலிருந்து. நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் குழாய்களை அரிக்கும் என்பதால், நீராவியால் நீரைக் கொதிநிலைக்குச் சூடாக்கி அதை வெளியேற்றுகிறார்கள். ஆக, எக்கிக்கு வரும் நீர் கொதிநிலையிலேயே வருகிறது. அதன் அழுத்தம் சிறிது குறைந்தாலும் எக்கியின் வாயிலிலேயே ஆவிக்குமிழிகள் தோன்றும். அவை அடுத்த கணம் அழுத்தம் மிகுந்த இடத்தில் உடையும்போது உலோகத்தைக் கொத்திக் குழியாக்கும். சரளைக்கல்லை அரைப்பது போன்ற ஓசை கேட்கும். இது குழிவாதல் எனப்படும்.

இதைத் தவிர்க்கவே காற்றகற்றியை எக்கிக்கு இருபது மீட்டர் அளவு உயரத்தில் வைக்கிறார்கள். மின் நிலையத்தில் அவ்வளவு பெரிய தொட்டி ஏன் மாடியில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று வியப்பவர்களுக்கு இதுவே காரணம். அந்த உயரமும் போதாதபோது, முதன்மை எக்கிக்கு முன்னால் மெதுவாகச் சுழலும் ஊக்கி எக்கி ஒன்று சேர்க்கப்படும். அலகின் சுமை சட்டென்று குறையும் நேரம் மிகவும் ஆபத்தானது. காற்றகற்றியில் அழுத்தம் உடனே இறங்கிவிடும். கீழிறங்கும் குழாயில் உள்ள நீரோ பழைய சூட்டிலேயே இருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. வெளியேறும் வழி அடைபட்டால் எக்கிக்குக் கிடைக்கும் ஆற்றல் முழுவதும் உள்ளே சிக்கிய நீரையே சூடாக்கும். அதனால் ஓட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், ஒரு வால்வு தானாகத் திறந்து நீரின் ஒரு பகுதியைக் காற்றகற்றிக்கே திருப்பி அனுப்பும்.

வேகக் கட்டுப்பாடு

கொதிகலனின் தேவை நாள் முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. வால்வை நெருக்கி ஓட்டத்தைக் குறைக்கலாம்; ஆனால் அது ஆற்றலை வீணாக்கும் வழி. எக்கி உண்ணும் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தைக் குறைப்பதே இலாபம். மாறா வேகத்தில் ஓடும் மோட்டாருக்கும் எக்கிக்கும் இடையே எண்ணெய் நிரம்பிய நீர்ம இணைப்பு வைத்து, எண்ணெயின் அளவை மாற்றி வேகத்தை மாற்றுகிறார்கள். 500 மெகாவாட் போன்ற பெரிய அலகுகளில் எக்கிக்கென்றே தனியாக ஒரு சிறு நீராவிச் சுழலி இருக்கும். ஆயினும் தொடக்கத்தில் நீராவி இராது என்பதால் மோட்டாரால் ஓடும் எக்கி ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

வரலாறு

தொடக்கத்தில் ஊட்டுநீர் எக்கி, நீராவிப் பொறியோடு பிணைக்கப்பட்டிருந்தது. பொறி நின்றால் எக்கியும் நிற்கும். அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அமெரிக்கக் கால்வாய்ப் படகுகளில் நீராவியைப் பயன்படுத்த முயன்ற ஹென்றி வொர்திங்டன் இந்தத் தொல்லையைக் கண்டு, பொறியைச் சாராமல் தானே இயங்கும் நீராவி எக்கியை 1840களில் உருவாக்கினார். 1858இல் பிரான்சின் ஹென்றி கிஃபார்டு, அசையும் உறுப்புகள் இன்றி நீராவித் தாரையாலேயே நீரை உட்செலுத்தும் இஞ்செக்டரை அமைத்தார். நீராவி ரயில் எஞ்சின்களில் அது நெடுங்காலம் பயன்பட்டது.

எக்கி நின்றால்

ஓடும் எக்கி நின்றால் காத்திருக்கும் எக்கி தானே தொடங்க வேண்டும். எல்லா எக்கிகளும் நின்றால், முழுச் சுமையில் உள்ள கொதிகலனின் நீர்மட்டம் ஒரு நிமிடத்துக்குள்ளேயே எச்சரிக்கை அளவைத் தாண்டி இறங்கும். நீர் இல்லாத குழாய், ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட உலை வெப்பத்தைத் தாங்காது, உப்பி வெடிக்கும். எனவே மட்டம் வரம்புக்குக் கீழே போனதும் எரிபொருள் தானாகத் துண்டிக்கப்படும்.

அனல் மின் நிலையத்தில் தீயை அணைத்தால் வெப்பம் பெருமளவு அடங்கும். அணு உலை நின்ற பிறகும் அதன் எரிபொருள் வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் முதன்மை ஊட்டுநீர் எக்கிகள் நின்றன. மாற்று எக்கிகள் தாமாகவே தொடங்கின. ஆனால் அவற்றின் வழியிலிருந்த வால்வுகள் மூடிக் கிடந்தன. அது கண்டுபிடிக்கப்பட எட்டு நிமிடங்கள் ஆயின. அதற்குள் உலையின் அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வேறொரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டிருந்தது. அதன் வழியே குளிர்விக்கும் நீர் வெளியேறியதில் உலையின் உட்கரு ஓரளவு உருகியது.