“வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் சார்!” – ஒரகடத்தில் இது யாருக்குக் கிடைக்கும்?

மணிமங்கலம்.

பொழுது விடியும் முன்பே இந்தப் பக்கம் கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பித்துவிடும். ஒரகடத்துக்குச் சில, ஸ்ரீபெரும்புதூருக்குச் சில. ஏறுகிறவர்களில் இரண்டு ரகம். ஒருவர் ஸ்பானர் பிடிக்கிறவர். இன்னொருவர் கம்ப்யூட்டர் தட்டுகிறவர்.

“வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் சார்” என்று இரண்டாமவர் கேட்டுப் பார்க்கலாம். முதலாமவர் கேட்டால்? “காரை உன் வீட்டுக்கு அனுப்பட்டுமா?” என்பார் சூப்பர்வைசர்!

சிரித்துவிட்டுப் போகிற சங்கதி அல்ல இது. 2021-ல் ஐகோர்ட்டு வரை போன தகராறு.

உட்கார்ந்துவிட்டனர்

கொரோனா இரண்டாவது அலை அடித்த நேரம். அந்த ஆண்டு மே 24 முதல் தளர்வு இல்லாத முழு ஊரடங்கு. காய்கறிக் கடைக்குக்கூடப் பூட்டு. ஐ.டி. கம்பெனிக்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றது அரசு. கார் தொழிற்சாலைகளோ ஓடின.

“அவர்கள் உயிர் வெல்லம், எங்கள் உயிர் என்ன கருப்பட்டியா?” என்று தொழிலாளி கேட்காமல் இருப்பாரா?

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் அன்றே தொழிலாளர்கள் உள்ளே உட்கார்ந்துவிட்டனர். 25-ந் தேதி முதல் 29 வரை ஆலை மூடல். ஒரகடம் ரெனோ-நிசான் தொழிலாளர்கள் “26 முதல் வரமாட்டோம்” என்றனர். அங்கும் 30 வரை கதவடைப்பு.

நாலாவது இடம் காலி

ரெனோ-நிசான் தொழிற்சங்கம் ஏற்கெனவே சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிருந்தது. “பாதுகாப்பு இடைவெளியே இல்லை” என்பது புகார். “எல்லா விதியையும் கடைப்பிடிக்கிறோம், ஏற்றுமதி ஆர்டர் நிற்கிறது” என்றது நிர்வாகம். தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி அடங்கிய பெஞ்ச் விசாரித்தது. அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்தார்கள்.

பெல்ட்டில் கார் நகர்ந்துகொண்டே இருக்கும். அடுத்தடுத்த காரில் வேலை செய்கிறவர்கள் தோளோடு தோள் உரசுவார்கள். மூன்று கார் போனால் நாலாவது இடத்தைக் காலியாக விடுங்கள் என்றது அதிகாரிகளின் யோசனை. வீட்டுக்குப் போக முடியாதவருக்குக் கிடைத்தது அந்த ஒரு கார் இடம்தான்!

கம்ப்யூட்டர்காரர் மட்டும்?

அவர் பாடும் கொண்டாட்டம் இல்லை. டி.சி.எஸ். 2023 அக்டோபர் 1 முதல் வாரம் ஐந்து நாளும் ஆபீசுக்கு வரச் சொன்னது. 2024-ல் ஊதியத்தின் ஒரு பகுதியையே வருகைப் பதிவோடு முடிச்சுப் போட்டது. எதிர்த்து வழக்காடலாமே என்றால், “வீட்டு வேலை என் உரிமை” என்று சொல்ல நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. முதலாளி மனசு வைத்தால் உண்டு.

கொஞ்சம் நெருங்கி வருவது பேறுகாலச் சட்டத்தில் 2017-ல் சேர்த்த பிரிவு. 26 வார லீவு முடிந்த தாய், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம். ஆனால் வேலையின் தன்மை அதற்கு இடம் கொடுக்க வேண்டுமாம்.

செல்போன் பாகம் பொருத்துகிற பெண்ணின் வேலை எப்படி இடம் கொடுக்கும்? கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அவளும் அதே பஸ்சில்தான் ஏறுகிறாள்.