வீட்டிலும் வேட்டையிலும் – 7: ஏணி ஏறும் நாய்

பறவை வேட்டைக்குரிய நாய்களில் அசையாது நின்று சுட்டுவன, புதரில் நுழைந்து கிளப்புவன, விழுந்ததைக் கவ்விக் கொணர்வன என்று மூவகை உண்டு என்பது தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அதை மறுபடி விரிக்க இடமில்லை. பாயின்டர், செட்டர், ஸ்பேனியல் ஆகிய மூன்றில் நம் பத்து பாகாட் மாவட்டத்துக் குடும்பங்களுக்கு உகந்தது எது என்று இவ்வாரம் தீர்த்துச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். அதற்கு வருவேன். ஆயினும் ஐரோப்பாவில் பிறந்த இந்த மூன்று ஜாதிகளையும் எடை போடுவதற்குமுன், நமது தீபகற்பத்தின் வனத்திலேயே வேட்டைக்கும் வீட்டுக்குமாக உருவான ஒரு நாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல மனம் இடந்தரவில்லை.

தெலோம் என்பது கேமரன் மலைப்பக்கத்தில் பிறந்து, ஜெலாயோடு கலந்து, முடிவில் பகாங் ஆற்று நீராகிவிடும் ஓர் ஆறு. தேயிலைத் தோட்டங்களில் தமிழர் கொழுந்து கிள்ளிய அதே மலைத்தொடரில், அந்த ஆற்றின் மேல்நீரில் ஒரு பகுதியைச் சுரங்கவழியே பெர்தாம் பக்கம் திருப்பி மின்சாரம் எடுக்கும் பெருந்திட்டம் நிறைவெய்தியதும், மலேசியா என்ற பெயரில் நம் தேசம் புதிதாக அமைந்ததும் 1963ஆம் ஆண்டிலேதான். ஆர்வில் எலியட் என்ற அமெரிக்க மானிடவியலறிஞர், தெலோம் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஓராங் அஸ்லி என்னும் பழங்குடி மக்களிடையே தாம் கண்ட சிறிய நாய்களை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றதும் அதே ஆண்டில். ஆற்றின் பெயரே அந்த நாய்க்கும் பெயராகி, அது ‘தெலோமியன்’ என்று வழங்கலாயிற்று.

முழங்காலளவு உயரமும் குட்டையான ரோமமும் மெலிந்த உடலும் உடைய அந்த நாயைக் கண்டு ஆராய்ச்சியாளர் அதிசயித்ததற்குக் காரணம், அது வேட்டையாடியதன்று; வேட்டையாடாத நாட்டு நாய் எது? கால்கள் நட்டு உயர்த்திக் கட்டிய வீடுகளில் வசித்த அந்த மக்களோடு தானும் மேலே சென்று உறங்குவதற்காக, நிலத்திலிருந்து வாசலுக்குச் சாய்த்திருக்கும் ஏணியில், படி படியாகக் கால் வைத்து அது ஏறியது என்பதே ஆச்சரியம். புலியும் சிறுத்தையும் உலவும் வனத்தில், இரவெல்லாம் தரையில் கிடக்கும் நாய் விடியும்வரை உயிரோடிருக்கும் என்பது நிச்சயமில்லை. ஏணியேறத் தெரிந்த நாய் பிழைத்துக் குட்டி ஈன்றிருக்கும். தெரியாதது சிறுத்தைக்கு இரையாகியிருக்கும் என்று நான் ஊகிக்கிறேன். முன்னங்காலால் பொருளைப் பற்றுவதிலும் கதவைத் திறப்பதிலும் அது காட்டிய சாமர்த்தியத்தையும், மனிதரோடு ஓரறையில் வாழப் பழகிய அந்த வாழ்க்கையோடு சேர்த்தே நான் எண்ணிப் பார்க்கிறேன்.

அந்த நாய்கள் போய்ச் சேர்ந்த இடமும் சாமானியமானதன்று. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில், ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் பசெஞ்சி, பீகிள், காக்கர் ஸ்பேனியல், ஷெட்லாந்து மேய்ப்பு நாய், கம்பிரோம ஃபாக்ஸ் டெரியர் ஆகிய ஐந்து ஜாதிகளைப் பல்லாண்டுகள் ஒப்பிட்டு, நாயின் சுபாவத்தில் பிறவியின் பங்கு எவ்வளவு, வளர்ப்பின் பங்கு எவ்வளவு என்று ஆராய்ந்து, 1965இல் தம் முடிவுகளைப் பெரிய கிரந்தமாக வெளியிட்டார்கள். குட்டி பிறந்து 3 வாரம் முதல் 12 வாரம் வரையிலான காலமே அது மனிதரோடு உறவு கொள்ளும் பக்குவத்தை நிர்ணயிக்கும் காலம் என்று அவர்கள் நிறுவினார்கள். இப்படி நாய் மனத்தின் இரகசியங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் கவனத்துக்கு நம் பகாங் வனத்து நாயும் வந்தது என்பதை அறிந்த நாள்முதல் எனக்கு ஏற்பட்டிருக்கும் பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை. தெலோமியன் இன்று கிடைத்தற்கரிய ஜாதி. அதைத் தேடிப் போங்கள் என்று நான் சொல்லவில்லை.

தெலோமியனைப் பற்றி வாசிக்கையில் நம் தோட்டங்களே நினைவுக்கு வந்தன. மரத்தூண்களின்மேல் எழுப்பிய பழைய லயங்களில், வீட்டின் பலகைத் தரைக்குக் கீழே நாய்கள் படுத்திருக்கும். பால்மரம் சீவி முடித்த ஆண்கள் பிற்பகலில் அவற்றை அழைத்துக்கொண்டு காட்டுப்பன்றியையும் உடும்பையும் தேடிப் போவார்கள். வேட்டையில் உயிரைக் கொடுத்து உதவிய அந்த நாய்களுக்குக் கிடைத்த இடம் பலகைக்குக் கீழே. தெலோம் கரையின் நாய்க்குக் கிடைத்ததோ பலகைக்கு மேலே. பறவை நாய் வாங்க எண்ணுகிறவர் தம் வீட்டில் அதற்கு எந்த இடத்தைக் கொடுக்கப் போகிறார் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஏனெனில், வனவிலங்கு இலாகாவின் உரிமமும் துப்பாக்கிக்குப் போலீஸ் அனுமதியும் பெற்று, சட்டம் அனுமதித்த பிராணிகளை அனுமதித்த காலத்தில் மட்டும் ஒருவர் வேட்டையாடக்கூடிய நாட்கள் ஆண்டில் மிகச் சில. மற்ற நாட்களெல்லாம் அந்த நாய் வீட்டு நாயே.

இனி வாக்களித்த விஷயம். பாரிட்டுகள் என்னும் வடிகால்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நமது மாவட்டத்தில், புல்வெளியில் காடையும், பாரிட்டு ஓரத்தில் கானாங்கோழியும், செம்பனைக்கும் புதருக்கும் இடைப்பட்ட விளிம்பில் காட்டுக்கோழியும் வாழ்கின்றன. காடை அபாயம் கண்டால் பதுங்கி அசையாமலிருக்கும். அதன்முன் பாயின்டர் நிற்கும் நிலை மிகவும் அழகியது. காட்டுக்கோழியோ பறப்பதைவிட ஓடித் தப்பவே விரும்பும் பறவை. பாயின்டர் சிலையாக நிற்கும் நேரத்தில் அது புதரின் மறுபுறத்தைக் கடந்துவிடும். அடர்ந்த புதரில் தலையை நுழைத்து, துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள்ளேயே வேலை செய்து பறவையைக் கிளப்பும் ஸ்பேனியலே இந்த நிலத்துக்கு ஏற்றது. பரந்த வெளிகளில் நெடுந்தூரம் ஓடுவதற்கென்று வளர்க்கப்பட்ட பாயின்டரைத் தாமானிலுள்ள வரிசை வீட்டின் சிறு முற்றத்தில் அடைத்து வைப்பது அதற்கு இழைக்கும் கொடுமை.

செட்டரை நான் விலக்குவது வேறு காரணத்தால். நாய் தன் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் மூச்சிரைப்பினால் நாவிலும் வாயிலுமுள்ள ஈரத்தை ஆவியாக்கியே தணிக்கிறது. பூமத்திய ரேகைக்கு இத்தனை அருகில், காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கையில் அந்த ஈரம் எளிதில் ஆவியாவதில்லை. நீண்ட பட்டு ரோமத்தோடு செட்டர் பகல் பத்து மணிக்கு அலைந்தால் வெப்பத்தால் மயங்கி விழும். ஸ்பேனியலுக்கும் ரோமமுண்டே என்று கேட்பீர்கள், உண்மைதான். அதைக் கத்தரித்துவிட்டு, விடியற்காலையில் மட்டும் வேலை வாங்கி, தொங்கும் காதுகளை ஒவ்வொரு முறையும் துடைத்து உலர்த்த வேண்டும். உண்ணியும் கொசுவும் தரும் நோய்களுக்கு மாதந்தோறும் மருந்து கொடுக்க வேண்டும். அண்டை வீட்டார் மலாய்க்காரராயிருப்பின், நாய் அவர்கள் வாசலை நெருங்காமலும், தொழுகைக்குப் போகிறவரின் உடையைத் தீண்டாமலும் பார்த்துக்கொள்வது நம் கடமை. நகராட்சி உரிமப் பட்டையும் கழுத்தில் இருக்கட்டும்.

துப்பாக்கி தோன்றுவதற்கு முன்பு செட்டரின் முன்னோர்கள் பறவைக்கெதிரே தரையோடு தரையாகப் படிந்து கிடக்க, வேட்டைக்காரர் நாயையும் பறவையையும் சேர்த்தே வலையால் மூடிய வரலாறு இந்த இதழில் இடம்பெற வேண்டியது. தெலோம் ஆறு அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அதை அடுத்த வாரம் எழுதுவேன். ஸ்பேனியல் குட்டியை எத்தனையாவது வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்பதும் அதோடு வரும்.