உடலுக்குள் ஒரு நெசவு

வயிற்றுப் பெருந்தமனி வீங்கி வெடிக்குமாயின் உயிருக்கே ஆபத்து. வயிற்றைத் திறந்து, வீங்கிய இடத்தில் டெக்ரான் துணிக்குழாயை வைத்துத் தைப்பது அதற்குரிய சிகிச்சைகளுள் ஒன்று. 1950-களில் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, கடையில் வாங்கிய டெக்ரான் துணியை மனைவியாரின் தையல் இயந்திரத்தில் தைத்து அத்தகைய குழாயை ஆக்கினார். துணியின் பெருமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ!

குழாய் உறுதியானதே, ஆயினும் தைத்த வயிற்றுச்சுவர் கூடுவதற்குக் காலம் வேண்டும். பூரண குணத்திற்கு 2 அல்லது 3 மாதங்கள் செல்லும். முதல் 6 வாரங்கள் குழித்தறி மிதித்தலும், மண்வெட்டி பிடித்தலும், மூட்டை தூக்குதலும் ஆகா. மீறினால் தழும்பின் வழியே குடல் பிதுங்கக்கூடும். படுத்தே கிடத்தலும் தவறு. நாள்தோறும் சிறிது சிறிதாக நடையைக் கூட்டவேண்டும். பசிக்குறைவும் சோர்வும் சில வாரங்கள் இருக்கும், அஞ்சவேண்டுவதில்லை. காய்ச்சல், புண்ணில் சீழ், கால் குளிர்ந்து வெளுத்தல் ஆகியவை கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்க. பீடி, சுருட்டை அறவே விடுக.

கூலி போய்விடுமே என்னும் கவலையே ஒருவரை முன்கூட்டித் தறிக்கு இழுக்கும். அம்மாதங்களில் அவர் பாவை நெய்து கொடுப்பதும், அவர் வயலுக்கு நீர் பாய்ச்சுவதும் அங்கத்தினராகிய நம் கடமை. கூட்டுறவின் பொருள் அதுவே.